ஏத்தினாள்

இன்னும் கூப்பிடவில்லை. மூன்று முறை கூப்பிடுவார்களாம். முதல் முறையிலேயே எழுந்து போய்விட வேண்டுமாம், மூன்றாவது முறை வரைக்கும் உட்கார்ந்திருந்தால் நீதிபதிக்குக் கோபம் வருமாம். காலையில் அரசு வக்கீல் இதையெல்லாம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த வழக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டே. "டீச்சர், கேக்குறதுக்கு ஆமான்னு சொன்னாப் போதும். கதை சொல்லாதீங்க." என்னிடம் கதை சொல்லாதே என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. பாலர் பள்ளியில் கதையும் பாட்டும் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். ஆமா. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஆமா. வாயைத் திறந்தால் ஆ, உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் மா. பேச ஆரம்பிக்கிற குழந்தைகூடச் சொல்லிவிடும். இந்தச் சொல்லை நான் உள்ளே போய்ச் சொன்னால், வராந்தாவின் அந்தக் கோடியில் நிற்கிற சித்ரகலா சிறைக்குப் போவாள், மூன்று வருஷம்கூட ஆகலாம். சொல்லாவிட்டால் நான் பொய்ப் புகார் கொடுத்தவள். நீதிமன்றத்துப் பெஞ்சு ஒரு பக்கமாக ஆடுகிறது. ஒரு காலுக்குக் கீழே யாரோ அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள், அது போதவில்லை. நான் அசைந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் ஆடுகிறார், அவர் அசைந்தால் நான் ஆடுகிறேன். "சும்மா இரேன், தாமரை," என்கிறார். சும்மாதான் இருக்கிறேன். கால்தான் ஆடுகிறது, அதுவும் தாளத்தோடு ஆடுகிறது. எந்தத் தாளம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை இன்றைக்கு நினைக்கவே கூடாது என்று காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்திருந்தேன். நினைக்கக் கூடாது என்று முடிவு செய்ததே நினைத்ததாகிவிட்டது. இனி அது போகாது.

கட்டெறும்பு மாமா, கம்பி மேலே ஏறு. கம்பி ரொம்பச் சூடு, காலைத் தூக்கி இறங்கு. அவ்வளவுதான் பாட்டு, இதையே மூன்று வேகத்தில் பாட வேண்டும். துணி காயப்போடுகிற கம்பியில் ஒரு கட்டெறும்பு வெயிலில் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதினேன். ஏறு என்னும்போது குழந்தைகள் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், இறங்கு என்னும்போது கீழே கொண்டுவர வேண்டும். ஏறும்போது எல்லாக் கையும் ஒழுங்காக ஏறும். இறங்கு என்று பாடினாலும் பாதிக் கைகள் மேலேயே நிற்கும். இறங்குவது அவர்களுக்குப் பிடிக்காது. இந்த மாதிரிப் பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு சிடி போட்டோம். அட்டையில் என் பெயர் இருந்தது: பாடல்களை எழுதிப் பாடியவர் செந்தாமரை குணசீலன். அச்சுக்குப் போகும் முன் என் வீட்டுக்காரர் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். அப்புறம் ஒருநாள் போனுக்கு ரீசார்ஜ் பண்ணப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கலா செல் பாயிண்டுக்குப் போனேன். ஒரு தையல் கடையை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் சித்ரகலா கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஊதா நிறத்தில் ஒரு மின்விசிறி, வாசலில் அவளே வண்ணம் அடித்து எழுதிய பலகை: இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. "டீச்சர், உங்களத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணன் உங்க சிடிய வாங்கியாந்து ஏத்தித் தரச் சொன்னாரு. அதுலேருந்து எல்லா அம்மாவும் அதான் கேக்குறாங்க. சாப்பாடு ஊட்டணும்னா எறும்புப் பாட்டு வேணுமாம். நான்தான் ஊரு பூரா ஏத்திக் குடுக்குறேன், சினிமாப் பாட்டெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது." கண்ணாடிப் பெட்டிக்கு மேலே எம்பி, மெதுவாக, ரகசியம் மாதிரிக் கேட்டாள். "ஒங்களுக்கும் ஏத்தித் தரவா டீச்சர்? ஒங்களுக்கு ஃப்ரீ."

என் பாட்டை எனக்கே ஏற்றித் தருகிறேன் என்றாள். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் படத்தின்மேல் கலர் அடித்துவிட்டு, அழகாக இருக்கிறதா மிஸ் என்று தூக்கிக் காட்டுமே, அந்த முகம். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது கம்ப்யூட்டர் திரை கண்ணில் பட்டது. எறும்பு 1, எறும்பு 2, எறும்பு 3 என்று வரிசையாக இருந்தது. பாடியவர் பெயர் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கு வந்து சொன்னேன், சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் எழுதுகிற மேசையில் ஏட்டையா சகாயம் இருந்தார். நல்ல மனுஷர். பள்ளியில் படிக்கும்போது கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினவராம், உட்கார்ந்ததும் அதைத்தான் சொன்னார். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் பாட்டை அவ எல்லாருக்கும் ஏத்திட்டா ஏட்டையா, என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார். "ஏத்தினாள்னு எழுதுனா கோர்ட்டுல சிரிப்பாங்க டீச்சர். அது பேச்சு வழக்கு. பதிவேற்றம் செய்தார். எப்படி இருக்கு?" நன்றாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தமிழுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். பாடல்களை பதிவேற்றம் செய்து பரப்பினார் என்று இருந்தது. "நடுவில ஒரு ப் வரணுங்க," என்றேன். பாடல்களைப் பதிவேற்றம். அவர் பேனாவை என்னிடமே நீட்டினார். "நீங்களே போடுங்க டீச்சர், ஒங்க கையால." போட்டேன். ஐகாரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் இடம் குறைவாக இருந்தது, சின்னதாக ஒரு ப், அதன் தலையில் ஒரு புள்ளி. பிறகு கீழே கையெழுத்து.

அந்தப் புள்ளி இன்று காலை வரைக்கும் வெறும் புள்ளியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அரசு வக்கீல் அந்தத் தாளை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார். பாடல்களைப் பதிவேற்றம் செய்து பரப்பினார். "இதான் நம்ம கேஸோட முதுகெலும்பு," என்றார். "வெறும் மெமரி கார்டுல காப்பி போட்டான்னா, சின்ன யாவாரம், தெரியாமப் பண்ணிட்டா, பொம்பளப் புள்ளைன்னு சொல்லிக் கொறச்சுருவாங்க. பதிவேற்றம்னா நெட்டுல போட்டதுன்னு அர்த்தம். உங்க பாட்டு நெட்டுல லட்சம் பேர் பாத்திருக்காங்கல்ல, அது மொத்தமும் இவ தலையில வரும். அவளே ஸ்டேஷன்ல நான்தான் ஏத்தினேன்னு சொல்லிருக்கா. கடைப் பலகையிலயும் போட்டுருக்கா. அதிகபட்சமே கேக்கலாம், மூணு வருஷம்." எனக்கு முதலில் புரியவில்லை. நெட்டில் யாரோ போட்டிருந்தது எனக்குத் தெரியும், அதை இவளோடு நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பதிவேற்றம் என்றால் ஏத்துவதற்கு நல்ல தமிழ், அவ்வளவுதான் என்று இருந்தேன். நாம் சோறு என்பதைச் சிலர் சாதம் என்கிற மாதிரி. "சார், அது வந்து, ஏத்துறதுன்னா எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தேன். "கதை சொல்லாதீங்கன்னேன்ல," என்று அவர் கட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மூணு வருஷம். எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். பால் பல் விழுந்து முளைத்துவிடும். என் மடியில் மூக்கைத் துடைத்த பிள்ளை, தெருவில் பார்த்தால் வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிகிற அளவுக்கு வளர்ந்துவிடும். அவ்வளவு நாள். ஒரு மெமரி கார்டு நகக்கண் அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் தேட வேண்டும். ஆனால் அப்படியும் நினைக்கக் கூடாது. கையிலிருப்பது சின்னது என்பதால் எடுத்ததும் சின்னது என்று ஆகாது. பாட்டுதானே டீச்சர், காத்துல போறதுதானே என்று எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். சொன்ன ஒவ்வொருவர் மேலேயும் எனக்கு வந்த கோபம் நிஜம். அது இப்போதும் இருக்கிறது.

வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியின் ரப்பரை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன். திருப்பிக் கொடு என்பேன். கொடுத்துவிட்டு, எடுத்துட்டேன் என்று சொல், என்பேன். அதோடு முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பாட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பாள். ரப்பரை எடுத்தால் இவளிடம் இருக்காது, அவளிடம் இருக்கும். பாட்டை எடுத்தாலும் என்னிடம் இருக்கிறது, இதோ காலில் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் என்ன தொலைந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாவது சிடி தொலைந்தது. அதற்கு எழுதி வைத்திருந்த தவளைப் பாட்டும் குடைப் பாட்டும் தொலைந்தன. பதிவு செய்கிறவர், முதல் சிடியே போகலையே டீச்சர், இன்னொண்ணு எதுக்கு என்றார். என் வீட்டுக்காரர் வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிப் பள்ளியாகப் போனார். சங்கத்தில் குமாஸ்தா வேலை முடிந்து, வியர்வையோடு, யாரிடமும் எதையும் விற்றுப் பழக்கமில்லாத மனுஷர். அதான் போன்ல இருக்கே சார், என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். ஒரு பள்ளியில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிள்ளைகள் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்களாம். வந்து சொன்னார், சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு. பெட்டிகள் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கூட்டும்போது துடைப்பம் இடிக்கும், நான் அந்தப் பக்கம் கூட்டுவதில்லை. நெட்டில் இருந்ததை அவர்தான் காட்டினார். என் குரலுக்கு ஒரு பொம்மை எறும்பு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. பாடியவர் யார் என்று கீழே ஒரு தாய் கேட்டிருந்தாள். தெரியவில்லை, பழைய பாட்டாக இருக்கும், என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். பழைய பாட்டு. நான் உயிரோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைப் போட்டவன் யாரோ. எந்த ஊரோ, எந்த அறையோ. அவன் மேல் என் கோபம் போய் விழ வேண்டும், அவனுக்கு முகம் கிடையாது. முகம் இருப்பது இவளுக்கு மட்டும்தான்.

தலையைத் திருப்பாமல் பார்க்கிறேன். சித்ரகலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நல்லா உடுத்திக்கிட்டு வா என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவளுக்கு நல்லது என்றால் கல்யாணப் பட்டுதான். அரக்கு நிறம், பெரிய ஜரிகை. வராந்தாவில் எல்லாரும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவள் புருஷன் முத்தழகன் வழக்குக் கட்டின் நகலால் அவளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். வரும்போது வாசல் டீக்கடையில் ஒரு ஆள், நான் யார் என்று தெரிந்தே, உரக்கச் சொன்னான்: "என்ன டீச்சர், ஒங்க கட்டெறும்பு கம்பி எண்ணப் போவுதாமே." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து கம்பி என்ற சொல் பாட்டில் வந்ததும் எனக்குக் குளிர்கிறது. துணிக்கம்பிதான், வெயிலில் சுட்ட கம்பிதான், நான் எழுதியபோது அதில் வேறு ஒன்றுமே இல்லை. கம்பி ரொம்பச் சூடு. இப்போது அதை எந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு ஜரிகைப் புடவை தெரியுமோ. அவள் நகர்கிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். கொலுசுச் சத்தம்கூடக் கேட்கிறது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார, நான் ஆடினேன். அழப் போகிறாள், காலில் விழப் போகிறாள், எல்லாரும் பார்ப்பார்கள், நான் என்ன சொல்வேன். பெஞ்சு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. குனிந்து, ரகசியம் மாதிரி, அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே எம்பிக் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "டீச்சர், இங்க பாத்ரூம் எங்கன்னு தெரியுமா? காலையிலேருந்து கேக்கக் கூச்சமா இருக்கு."

எழுந்துவிட்டேன். யோசிக்கவில்லை, வகுப்பில் ஒரு பிள்ளை அந்த மாதிரிக் காலை மாற்றி மாற்றி நின்றால் உடம்பு தானாக எழுந்துவிடும். "தாமரை," என்றார் அவர் பின்னாலிருந்து. காதில் விழாத மாதிரி நடந்தேன். கட்டடத்தின் பின்பக்கம், தட்டச்சு செய்கிறவர்களைத் தாண்டி, தகரக் கதவு. தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மேல் குற்றம் செய்தவளுக்கு நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இதை யாராவது பார்த்தால் சாட்சியைக் கலைத்தார்கள் என்று சொல்வார்களா, இதுவும் ஒரு குற்றமா, இதற்கு எத்தனை வருஷம். வெளியே வந்து குழாயில் கையைக் கழுவினாள். பட்டில் தண்ணீர் படாமல் முழங்கைகளை விரித்துக்கொண்டு கழுவினாள். "கோவமா இருக்கீங்களா டீச்சர்?" என்றாள். இருக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். "ஒங்களக் கேட்டுட்டு ஏத்திருக்கணும். கேட்டா நீங்க தருவீங்கன்னு நெனச்சேன், தருவீங்கன்னா எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன். அது தப்புதான்." பிறகு சொன்னாள், "ஆனா டீச்சர், நான் என்னமோ ஒலகம் பூரா வானத்துல ஏத்திட்டேன்னு எழுதிருக்காங்களாம். என் கடையில நெட்டே கெடையாது. கார்டுலேருந்து கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டர்லேருந்து கார்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏட்டையா ஏத்தினியான்னு கேட்டாரு. ஏத்தினேன்தானே, ஆமான்னேன்." ஒங்க வக்கீல்கிட்ட சொல்லலையா என்றேன். "சொன்னேன். அவரு, ஒத்துக்கிட்டவ அப்பறம் மாத்திப் பேசுனா எடுபடாது, பேசாம இரு, கொறச்சுக் கேக்கலாம்கிறாரு." புடவைத் தலைப்பால் கையைத் துடைக்கப் போனவள், பட்டு என்று நினைவு வந்து, காற்றில் உதறினாள். நீர்த்துளி என் கன்னத்தில் விழுந்தது. "அய்யோ, சாரி டீச்சர்," என்றாள். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டாள். அதற்காக மட்டும் கேட்டது எனக்கு ஏனோ வலிக்கவில்லை. என்னிடம் எதையும் கேட்காமலே திரும்பி நடந்துவிட்டாள், புருஷன் விசிறிக்கொண்டு காத்திருந்த மூலைக்கு.

ஆமா. அவளும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் உண்மை சொன்னாள், நான் உண்மை சொன்னேன், ஏட்டையா நல்ல தமிழ் எழுதினார், மூன்றும் சேர்ந்து ஒரு பொய் ஆகிவிட்டது. அந்தப் பொய்க்கு ஒரு ப் குறைந்திருந்தது, அதையும் என் கையால் போட்டுக் கொடுத்தேன். பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார், "என்ன சொன்னா?" பாத்ரூம் கேட்டா, என்றேன். "அவ்வளவு நேரமா?" நான் சொன்னேன், அந்த வார்த்தை தப்பு, அவள் நெட்டில் போடவில்லை. வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி அவர் முகம் விறைத்துக்கொண்டே போனது. "போடலன்னா என்ன? அவகிட்டேருந்துதான் எவனோ எடுத்துப் போட்டிருப்பான். வெத போட்டவ அவதானே." இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மூணு வருஷமா. "இப்ப போயி மாத்திச் சொன்னா ஒன்னய பிறழ்சாட்சின்னு எழுதிருவாங்க தெரியும்ல. ஏட்டையா முகத்துல எப்படி முழிப்ப. அந்த டீக்கடை ஆளுக எல்லாம் சிரிப்பானுக. மொத்தக் கேஸும் போயிரும், பாட்டுதானேன்னு சொன்னவன் எல்லாம் சொன்னது சரியின்னு ஆயிரும்." பிறழ்சாட்சி. அதுவும் நல்ல தமிழ்தான், பல்லில் இடறுகிறது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் அந்தப் பெட்டியத் தூக்கிட்டு எத்தன வாசல்ல நின்னேன்னு ஒனக்குத் தெரியும்ல, தாமரை." தெரியும். அவர் அவளைச் சிறையில் போடச் சொல்லவில்லை. அந்த வாசல்களில் அவர் நின்றதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். எனக்கும் வேண்டும். ஆனால் ஒருத்தி ரப்பரை எடுத்தாள் என்பதற்காக, வகுப்பில் அந்த வருஷம் காணாமல் போன எல்லா ரப்பருக்கும் அவளையே முட்டி போட வைத்தால், மற்ற பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள். திருடக் கூடாது என்றா. மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். ஆமா என்றால் மூணு வருஷம், இல்லை என்றால் ஒன்றுமே நடக்காதது மாதிரி. நடுவில் ஒரு சொல் இருக்க வேண்டும். ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஒரு சின்ன இடம், ஐகாரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் இருந்த மாதிரி. அதில் எதையாவது எழுத முடியுமா. ஏறு, இறங்கு. கம்பி ரொம்பச் சூடு. கதை சொல்லாதீங்க.

"செந்தாமரை." சிவப்புப் பட்டை போட்ட டவாலி, கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கூப்பிட்டார். எழுந்தேன், புடவை பெஞ்சின் ஆணியில் மாட்டியது. "செந்தாமரை." என் பெயரை யாரும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதே இல்லை, சிடி வெளியிட்ட அன்றுகூட. என் வீட்டுக்காரர் குனிந்து ஆணியிலிருந்து புடவையை எடுத்துவிட்டார், கிழியாமல், மெதுவாக. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்றாவது முறைக்கு முன் உள்ளே போய்விட்டேன். உள்ளே நினைத்ததைவிடச் சின்ன அறை. மேலே நீதிபதி அம்மா, என்னைவிட இளையவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கீழே தட்டச்சு செய்கிற பெண். எதிர்க் கூண்டில் அரக்குப் பட்டு. சத்தியம் வாங்கினார்கள். இந்தப் புகார் நீங்க கொடுத்ததா, ஆமா. கையெழுத்து ஒங்களோடதா, ஆமா. எவ்வளவு சுலபமாக வருகிறது, படியில் உருளுகிற பந்து மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. அரசு வக்கீல் தாளை உயர்த்திப் பிடித்தார். "எதிரி உங்கள் பாடல்களைப் பதிவேற்றம் செய்து பரப்பினார். சரிதானே?" அந்தச் சின்ன ப் இங்கிருந்தே தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். வாயைத் திறந்தேன். ஆ என்பதற்குத் திறந்த வாய்தான். "இல்லைங்க," என்றேன். வக்கீல் தாளைத் தாழ்த்தினார். "பின்ன?" "ஏத்தினா." பின்னால் வக்கீல்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சிரித்தார்கள். ஏட்டையா சொன்னது சரி, சிரிக்கிறார்கள். நீதிபதி அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா. அவர் எழுதுற மாதிரி சொல்றாரு, நீங்க பேசுற மாதிரி சொல்றீங்க." "இல்லைங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தேன், கடைசி வரிசைக்கும் போகிற குரல். "எங்க ஊர்ல இறக்குறதுக்குப் பேருதாங்கம்மா ஏத்துறது. கம்ப்யூட்டர்லேருந்து கார்டுக்கு எறக்குறத ஏத்துறதுன்னு சொல்லுவோம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். பதிவேற்றம்னா வானத்துக்குப் போறது. இது பையிக்குள்ள போறது. அவ பையிக்குள்ளதான் ஏத்தினா, என்னயக் கேக்காம." சொல்லும்போது என் கை தானாக மேலே போயிருந்தது, தலைக்கு மேலே, ஏறு என்பது போல. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இறக்க மறந்து நின்றேன். அரசு வக்கீல் ஏதோ எழுந்து சொல்லப் போக, நீதிபதி அம்மா விரலைக் காட்டி உட்காரவைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "அப்ப நெட்டுல போட்டது?" "யாருன்னு தெரியாதுங்கம்மா." "அப்படின்னா இவங்கள விட்ரணும்கிறீங்களா?" அந்தச் சின்ன இடம் இதுதான். கையை இறக்கினேன். "இல்லைங்கம்மா. ஏத்தினதுக்குத் தண்டனை குடுங்க. வானத்துக்குப் போனதுக்கு இவளுக்குக் குடுக்காதீங்க." தட்டச்சுப் பெண் விரல்களைச் சாவிகளுக்கு மேலே நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். "அம்மா, எப்படி அடிக்கட்டும்? ஏற்றினாள்னா, பதிவிறக்கம்னா?" நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். "அவங்க சொன்ன மாதிரியே அடிங்க," என்றார். "கொச்சையா இருந்தா இருக்கட்டும்." சாவிகள் விழ ஆரம்பித்தன. ஏ. த். தி. எதிர்க் கூண்டில் சித்ரகலாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், எப்போது உள்ளே வந்தாரோ, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தட்டச்சுப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டு. கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஆடவில்லை. "பாடினது யாருன்னு கேட்டு எழுதிக்கங்க," என்றார் நீதிபதி அம்மா. தட்டச்சுப் பெண் என் பக்கம் திரும்பினாள். "பேரு சொல்லுங்கம்மா, மெதுவா, எழுத்து எழுத்தா."